1/35 டயோரமா: கற்பாவிய தெரு ஏன் தெருவாகத் தெரியவில்லை?

கேள்வி:

வணக்கம். 1944 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் 11ஆவது கவசப் படைப்பிரிவு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குள் நுழைந்த நாளை 1/35 அளவில் (35 செ.மீ. இங்கே 1 செ.மீ.) ஒரு டயோரமாவாக, அதாவது சிறிய முப்பரிமாணக் காட்சி மாதிரியாக அமைத்து வருகிறேன். ஷெர்மன் டாங்கி முடிந்துவிட்டது. அது நிற்க வேண்டிய தெருதான் இரண்டு மாதமாக அமையவில்லை. முதலில் தெர்மோகோல் அட்டையில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாகக் கீறினேன். கீறிய இடமெல்லாம் மணிமணியாக உதிர்ந்ததோடு, ஸ்ப்ரே பெயின்ட் பட்டதும் அட்டையே உருகிக் குழிந்துவிட்டது. அடுத்ததாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்த்து, இறுகியபின் ஊசியால் கீறினேன். கோடுகள் சுத்தமாக வந்தன, ஆனாலும் அது கற்கள் பாவிய தெருவாக இல்லாமல் ஓடு பதித்த தரையாகவே தெரிகிறது. பலகையின் அளவு 20 × 15 செ.மீ. எங்கே தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்:

நண்பரே, பொருளைக் குறை சொல்வதற்கு முன் கல்லின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீங்கள் கீறிய ஒரு சென்டிமீட்டர் கட்டம் உண்மையில் 35 செ.மீ. அகலமுள்ள கல்லாகிறது. ஐரோப்பிய நகரத் தெருக்களின் பழைய பாவுகற்கள் பெரும்பாலும் 12 முதல் 20 செ.மீ. வரைதான் இருக்கும், அதாவது உங்கள் பலகையில் 4 மி.மீ. அகலமும் 5 மி.மீ. நீளமும் போதும். ஷெர்மனின் அகலமே 2.62 மீட்டர் என்பதால் மாதிரியில் அது ஏழரை சென்டிமீட்டர் வரும். அதன் அடியில் குறுக்காகப் பதினைந்து கற்களாவது தெரிந்தால்தான் டாங்கிக்கு உரிய பெருமிதம் கிடைக்கும்.

அளவைவிட முக்கியமானது, கல் பாவுபவர் அதை எப்படிப் பாவினார் என்பது. வண்டிச் சக்கரம் இணைப்புக் கோட்டிலேயே ஓடிப் பள்ளம் பறிக்கக் கூடாது என்பதற்காக வரிசைகளைத் தெருவின் குறுக்கே அமைத்து, செங்கல் சுவரைப் போல ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசைக் கல்லின் நடுவில் விழும்படி மாற்றிமாற்றி வைப்பார்கள். நீங்கள் இருபுறமும் நேர்கோடாகக் கீறியதால்தான் ஓடு பதித்த தரை வந்திருக்கிறது. மழைநீர் வடிவதற்காகத் தெருவின் நடு சற்று உயர்ந்திருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆறு மீட்டர் அகலத் தெருவில் அந்த உயரம் ஏழெட்டு சென்டிமீட்டர் என்று கொண்டால் மாதிரியில் 2 மி.மீ. தான், ஆனால் அந்த 2 மி.மீ. இல்லாத தெரு எத்தனை நன்றாக வண்ணம் பூசினாலும் மேசைப் பலகையாகவே கிடக்கிறது.

மற்றொரு பதில்:

மேலே ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். செய்முறைக்கு நான் தானாக உலரும் களிமண்ணையே பரிந்துரைப்பேன். பலகையின் நடுவில் மெல்லிய அட்டைப் பட்டைகளை ஒட்டி மேட்டை உண்டாக்குங்கள். முழுவதும் ஃபெவிகால் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே 4 மி.மீ. கனத்தில் தேய்த்த களிமண்ணை அதன்மேல் அழுத்துங்கள். அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் களிமண் உலரும்போது சுருங்கிப் பிளந்துவிடும்.

குளிர்பான டின்னில் வெட்டிய மெல்லிய தகட்டை மூக்குக் குறடால் மடித்து, 4 × 5 மி.மீ. சட்டமாக்கிக் குச்சியில் கட்டினால் முத்திரை தயார். உங்கள் பலகைக்கு ஏறத்தாழ 1,500 முறை அழுத்த வேண்டியிருக்கும். பொறுமையாக மூன்று நான்கு மாலைகளில் செய்யுங்கள். வேலை செய்யாத பகுதியை ஈரத்துணியால் மூடி வையுங்கள். முத்திரை கூரான விளிம்புகளை விட்டுச்செல்லும். களிமண் பாதி இறுகியதும் பழைய பல்துலக்கியால் தட்டிக்கொடுத்தால், பல ஆண்டுகள் குதிரை லாடமும் இரும்புச் சக்கரமும் தேய்த்த கல்லின் மழுங்கல் கிடைக்கும். அதன்பின் கசக்கிய அலுமினியத் தாளை உருட்டினால் கல்லின் சொரசொரப்பும் பதியும். அங்கங்கே இரண்டொரு கல்லை விரல்நுனியால் சற்று அமுக்கி விடுங்கள். கனரக வண்டி போன தெருவில் எல்லாக் கற்களும் ஒரே மட்டத்தில் இருக்க வழியில்லை.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உள்ளங்கை அளவில் ஒரு துண்டு செய்து பார்த்தேன். பல்துலக்கியால் தட்டிய அந்த நொடியில் கல் கல்லாக மாறியதைக் கண்ணால் கண்டேன். வண்ணத்தையும், நடுவே டிராம் தண்டவாளம் வைப்பதையும் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

பதில்:

அடர் சாம்பல் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசிவிட்டு, பத்தில் ஒரு கல்லுக்கு நீலம் கலந்த சாம்பலும், வேறு சிலவற்றுக்குப் பழுப்பும் கொடுங்கள். இடுக்குகளைக் கறுப்பாக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. உலர்ந்த தெருவில் இடுக்கில் இருப்பது வெளிறிய மணலும் தூசியும்தான். எனவே மெல்லிய துணியில் சலித்த மண்ணைத் தூரிகையால் இடுக்குகளில் இறக்கி, நீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துச் சொட்டுச்சொட்டாக விடுங்கள்.

ஆண்ட்வெர்ப் டிராம் ஒரு மீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடுவது என்பதால் தண்டவாளங்களின் உள் இடைவெளி 28.5 மி.மீ. இருக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் டிராமுக்குரிய 1,435 மி.மீ. கணக்கை எடுத்துக்கொண்டால் 41 மி.மீ. ஆகித் தவறிவிடும். தண்டவாளத்தைக் கற்களின் மட்டத்துக்கே பதித்து, சக்கர விளிம்பு செல்லும் பள்ளத்தை உட்புறம் விடுங்கள். பள்ளத்தில் துருநிறமும் மண்ணும் இருக்கட்டும். மேற்பரப்பில் மட்டும் 6பி பென்சிலை அழுத்தித் தேய்த்து, விரலால் மெருகேற்றுங்கள்.