முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்: திருகோணமலையில் யாராவது உதவுங்கள்

அண்ணாமார், தம்பிமார், வணக்கம். உப்புவெளியில் இருக்கிறேன். அப்பா ஓடிய ஹொண்டா சிபி 125 டி இப்போது என்னிடம். ஏழு வருசம் கொட்டிலுக்குள் நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் ஹான்டில் வரைக்கும் வந்து முட்டுகிறது. இரண்டு தடவை காற்று எடுத்தும் சரிவரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சிலிண்டரை, அதாவது லீவரைப் பிடிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளிவிடும் பகுதியை, கழற்றினேன். கடற்கரை ஊர் என்றால் தெரியும்தானே, ரப்பர் உறைக்குள் இருந்த சர்க்லிப் (பிஸ்டன் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) உப்புக் காற்றில் துருவேறி இறுகிப்போயிருந்தது. அதை எடுக்கவே ஒரு பின்னேரம் போய்விட்டது. பிஸ்டனில் இருக்கும் ரப்பர் கப் ஊதிப் பெருத்திருக்கிறது. முந்தி யாரோ பிரேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயிலை விட்டிருக்க வேண்டும். பிரேக் ஒயில் டாங்கியின் அடியில் இருக்கும் இரண்டு துவாரங்களில் சின்னதும் அடைபட்டுக் கிடந்தது. அதை மெல்லிய கம்பியால் எடுத்துவிட்டேன். அது அடைத்தால் ஒயில் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும் என்பதால் அதில் கவனமாக இருந்தேன்.

என் கவலை சிலிண்டரின் உட்சுவர்தான். கப் ஓடும் இடத்தில் நகத்தால் தடவினால் ஒரு குழி தட்டுப்படுகிறது. 1200 நம்பர் அரத்தாளால் தேய்த்தும் போகவில்லை. இதற்கு மேல் தேய்த்தால் துளை பெருத்து, புதுக் கப்பும் ஒழுகும் அல்லவா? இங்கே துளைக்குள் ஸ்லீவ் (உள்குழாய்) அடித்துத் தரும் லேத் இருக்கிறதா? அல்லது கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் முழு மாஸ்டர் சிலிண்டராகவே தேடுவது நல்லதா? சிலிண்டரின் உடலில் துளையின் அளவு 1/2 (அங்குலம்) என்று பொறித்திருக்கிறது. அதே அளவில் வேறு பைக்கின் சிலிண்டரைப் போட்டு ஓடியவர்கள் இருந்தால், எந்த பைக் என்று சொல்லுங்கள்.

டொட் 4 பிரேக் ஒயிலும் புது செப்பு வாஷர்களும் வாங்கி வைத்திருக்கிறேன்.