பொருள்: மறுமொழி: 'நேமிங் ரைட்ஸ்' - பெயர்சூட்டு உரிமையா, பெயர்க் குத்தகையா?

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழிந்திருந்த இரண்டு தமிழாக்கங்களுக்கு என் மறுமொழி இது.

> 'நான்-டேக்ஸ் ரெவின்யூ' = வரியில்லா வருவாய்

வேண்டாம். அரசுக்கு வரியாக அல்லாமல் வேறு வழிகளில் வரும் பணம் அது. படிப்பவர் 'வரியில்லா வருவாய்' என்பதை வருமான வரி கட்டத் தேவையில்லாத வருமானம் என்று எடுத்துக்கொள்வார். அரசின் நிதிநிலை அறிக்கையில் 'வரி அல்லாத வருவாய்' ஏற்கெனவே புழங்குகிறது. அதுவே போதும்.

> 'நேமிங் ரைட்ஸ்' = பெயர்சூட்டு உரிமை

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. தெருவுக்குப் பெயர் வைக்க நகராட்சி மன்றத்துக்கு இருப்பதும் பெயர்சூட்டும் உரிமைதான். நேமிங் ரைட்ஸ் என்பது வேறு: காசு வாங்கிக்கொண்டு, பேசிய காலத்துக்குப் பொதுச்சொத்தின் மேல் இன்னொருவர் பெயரை ஏற்றுவது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஈரி கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), 1973இல் திறந்த தன் விளையாட்டரங்குக்கு 'ரிச் ஸ்டேடியம்' என்று பெயர் வைத்தது. அதற்கு ரிச் நிறுவனம் 25 ஆண்டுகளில் 15 லட்சம் டாலர் தருவதாகப் பேச்சு. கெடு முடிந்தது, 1998இல் அரங்குக்கு வேறு பெயர். ஆரிகன் மாநிலத்தில் ஹாஃப்வே என்று ஒரு சிற்றூர். 2000ஆம் ஆண்டுவாக்கில் அது ஓர் இணைய வணிக நிறுவனத்தின் பெயரான 'ஹாஃப்.காம்' என்று ஓராண்டுக்குத் தன்னையே அழைத்துக்கொள்ளச் சம்மதித்தது. பதிலுக்குக் கிடைத்தவற்றில் ஊர்ப் பள்ளிக்கான கணினிகளும் உண்டு.

காசு, கெடு, கெடு முடிந்ததும் சொத்து பழையபடி ஊருக்கே. தமிழில் இதற்குக் குத்தகை என்று பெயர். நம் ஊராட்சிகளுக்கு இது புதிதா என்ன? புளியமர மகசூல், கண்மாய் மீன்பாசி, வாரச்சந்தைச் சுங்கம் என்று ஏலம் விட்டுக் காசு பார்ப்பவர்கள்தானே. மீன்பாசி எடுத்தவருக்கு மீன் மட்டும்தான், கண்மாய் ஊருடையது. இங்கே பெயர்ப்பலகை மட்டும். ஆகவே, 'பெயர்க் குத்தகை'.

---

> ஆகவே, 'பெயர்க் குத்தகை'.

குத்தகை என்றதும் வயலும் நெல்லும்தான் கண்முன் வருகின்றன, ஐயா. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று எழுதியிருக்குமே, அந்தச் சொல்லை எடுத்தால் என்ன? பள்ளிக்கு யாராவது வகுப்பறை கட்டித் தந்தாலும் சுவரில் பெயர் இருக்கிறது. 'உபயப் பெயர்' அழகாகவும் இருக்கிறது.

---

> 'உபயப் பெயர்' அழகாகவும் இருக்கிறது

அழகுதான், ஆனால் பொருள் புரண்டுவிடும். உபயம் கொடை. கொடுத்தவர் பெயர் அங்கேயே இருக்கும், டியூப்லைட் ஃபியூஸ் ஆகும்வரை. நம் பள்ளிகளில் வகுப்பறை கட்டித் தருகிறவர்களை அந்தச் சொல்லுக்கே விட்டுவைப்போம். வியாபாரத்தையும் உபயம் என்று சொன்னால் விளம்பர நிறுவனம் புண்ணியவான் ஆகிவிடும். வயல் நினைவு வந்தால் வரட்டுமே; சுங்கம் வசூலிப்பதைக் குத்தகைக்கு விடுகிறோம், அதில் எந்த நெல் விளைகிறது?

இந்தச் சொல்லில் வினையும் ஆளும் சிரமமில்லாமல் வரும்: பெயரைக் குத்தகைக்கு விட்டார்கள், பெயர்க் குத்தகைதாரர். 'பெயர்சூட்டு உரிமை'யை வைத்து இப்படிச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

---

ஒரு குறுக்குக் கேள்வி. டெக்சாஸில் கிளார்க் என்ற ஊர் 2005இல், செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் பெயரான 'டிஷ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பதிலுக்குக் குடியிருப்பவர்களுக்குப் பத்தாண்டுகள் அந்தத் தொலைக்காட்சி இலவசம். பத்தாண்டு முடிந்தும் ஊர் டிஷ்தான். இதுவும் குத்தகையா?

---

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இல்லை, அது கிரயம். பெயரையே விற்றுவிட்டார்கள். கெடு இருந்தால் பெயர்க் குத்தகை, இல்லாவிட்டால் பெயர்க் கிரயம் என்று இரண்டாகப் பதிவு செய்யலாமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

பள்ளிப் பேருந்தில் விளம்பரம் ஒட்டுவதை இதில் சேர்க்கவில்லை. அதற்கு விளம்பரக் கட்டணம் என்றாலே எல்லாருக்கும் புரியும்.

அப்புறம், 'க்' கட்டாயம் வேண்டும். பட்டியலில் யாரோ 'பெயர்குத்தகை' என்று ஏற்றியிருக்கிறார்கள், திருத்திவிடுங்கள்.