+2 முடித்துவிட்டு டெக்சாஸ் வந்திருக்கிறேன்: கல்லூரி கிரெடிட்களைச் சீக்கிரம் சேர்க்க வழி உண்டா?

அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம். எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். +2 காமர்ஸ், தமிழ் மீடியம். வயது 23. கல்யாணமாகி டல்லாஸ் பக்கம் இர்விங் வந்து இரண்டு மாதம் ஆகிறது, எச்-4 விசா (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது). ஊரில் கல்லூரிக்குப் போனதே இல்லை. இங்கே அக்கவுன்டிங் டிகிரி படிக்க ஆசையாக இருக்கிறது. 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் படிப்பு அலகு) வேண்டும், நாலு வருஷம் ஆகும் என்கிறார்கள். பரீட்சை எழுதியே பாதி கிரெடிட் வாங்கிவிடலாம் என்று பக்கத்து அபார்ட்மென்டில் ஒருவர் சொன்னார். உண்மையா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

——

தங்கச்சி, நல்லா இரும்மா. நானும் வெறும் +2 சான்றிதழோடுதான் இதே ஊருக்கு வந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. பரீட்சை எழுதி கிரெடிட் வாங்கலாம். ஆனால் நீ வாங்குகிற கிரெடிட் உன் டிகிரிக்குள் எங்கே போய் உட்காரும் என்று தெரியாமல் ஒன்றையும் வாங்காதே. நான் அந்தத் தப்பைச் செய்தேன். முதல் வருஷம், சுலபமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு மூன்று பாடம் எடுத்தேன். ஒன்பது கிரெடிட், மூன்றிலும் ஏ. பிறகு யுனிவர்சிட்டிக்கு மாறும்போது ஒன்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் என் டிகிரி பிளானில், அதாவது பட்டத்துக்குத் தேவையான பாடங்களின் பட்டியலில், அவற்றுக்கு இடமே இல்லை. டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) வெறும் எண்ணிக்கையாக நின்றுவிட்டன. ஒரு செமஸ்டர் உழைப்பும் கட்டின பணமும் போனது. இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. உனக்கு அப்படி ஆகக்கூடாது.

அதனால் கடைசியிலிருந்து ஆரம்பி. பட்டம் வாங்கப்போவது எங்கே? உன் பக்கத்தில் ரிச்சர்ட்சனில் யுடி டல்லாஸ், ஆர்லிங்டனில் யுடிஏ, டென்டனில் யுஎன்டி என்று மூன்று அரசு யுனிவர்சிட்டிகள் இருக்கின்றன. மூன்றின் இணையதளத்திலும் அக்கவுன்டிங் டிகிரி பிளானை எடுத்து அச்சடித்து வைத்துக்கொள். பிறகு முதல் 60 கிரெடிட்டைக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில்) முடிப்பதுதான் செலவு குறைந்த வழி.

டெக்சாஸில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 42 கிரெடிட் கோர் பாடத்திட்டம், அதாவது எல்லாரும் படிக்க வேண்டிய அடிப்படைப் பாடங்கள், இருக்கிறது. ஒரு கல்லூரியில் அதை முழுதாக முடித்துவிட்டால் மாநிலத்தின் எந்த அரசு யுனிவர்சிட்டியும் அப்படியே மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அரைகுறையாக விட்டால் பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். கம்யூனிட்டி காலேஜ்களில் பாட எண்களும் பொதுவானவை. இங்கிலீஷ் 1301, ஹிஸ்டரி 1301, மேத் 1314 என்றால் எந்த ஊரில் படித்தாலும் அதே பாடம்தான். டிகிரி பிளானில் இந்த எண்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வா. பாதி வேலை முடிந்தது.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். அதன் பெயர் கிளெப். எஸ்ஏடி நுழைவுத்தேர்வை நடத்துகிற காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது. மொத்தம் 34 பாடம். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். மதிப்பெண் 20லிருந்து 80 வரை, பொதுவாக 50 வந்தால் கிரெடிட். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஒரு கட்-ஆஃப் வைத்துக்கொள்ளலாம், சில பாடங்களை ஏற்காமலும் இருக்கலாம். தவறினால் அதே பாடத்தை மறுபடி எழுத மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

கட்டணம் சுமார் 100 டாலர், தேர்வு மையத்துக்குத் தனியாகக் கொஞ்சம். அதையும் மிச்சம் பிடிக்கலாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் கிளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாகச் சொல்லித் தருகிறது. பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரும் தருவார்கள். பதிவு செய்யும்போதே மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று குறிப்பிட்டுவிடு, ஒரு கல்லூரிக்கு இலவசம்.

நீ காமர்ஸ் படித்தவள். டெபிட், கிரெடிட், இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் +2விலேயே எழுதிப் பழகிய கை. ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங், மேக்ரோ எகனாமிக்ஸ், மைக்ரோ எகனாமிக்ஸ் மூன்றும் கிளெப்பில் உண்டு. காலேஜ் அல்ஜீப்ராவும் உண்டு. நம் பத்தாம் வகுப்புக் கணக்கைத் தூசி தட்டினால் பெரும்பகுதி வந்துவிடும். இங்கிலீஷ் சொற்கள்தான் புதிதாக இருக்கும், அதற்கு ஒரு மாதம் ஒதுக்கு. இவற்றில் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங்கை மட்டும் வகுப்பில் உட்கார்ந்தே படி என்பேன். கிளெப் கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது, ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரியில்) சேராது. யுனிவர்சிட்டி பிசினஸ் பிரிவில் சேர்க்கும்போது அந்தப் பாடத்தின் கிரேடையும் பார்க்கலாம். எல்லாவற்றையும் பரீட்சையிலேயே தாண்டினவளுக்குக் காட்ட ஒரு ஏ கூட இருக்காது.

அமெரிக்க வரலாறு ஆறு கிரெடிட், அரசியல் ஆறு கிரெடிட் இல்லாமல் டெக்சாஸ் அரசுக் கல்லூரியில் யாரும் பட்டம் வாங்க முடியாது, சட்டமே அப்படி. வரலாற்றின் இரண்டு பாடத்துக்கும் கிளெப் உண்டு. ஆனால் நாம் படித்து வளர்ந்தது கட்டபொம்மனும் வேலூர்ப் புரட்சியும். இவர்கள் குடியேற்றக் காலமும் உள்நாட்டுப் போரும் நமக்கு அடியிலிருந்தே புதிது, வகுப்பில் படிப்பது நல்லது. அரசியலில் ஒரு பாதி டெக்சாஸ் அரசியலமைப்பைப் பற்றியது. அதற்கு கிளெப்பே கிடையாது.

நம் தமிழுக்கும் கிரெடிட் வாங்க முடியும், இது பலருக்குத் தெரியாது. கிளெப்பில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும்தான். ஆனால் ஆக்ட்ஃபல் என்ற அமெரிக்க மொழிக் கல்வி அமைப்பின் ஓபிஐ என்ற வாய்மொழித் தேர்வு தமிழிலும் இருக்கிறது. தேர்வாளர் போனில் உன்னோடு தமிழில் பேசி நிலை குறிப்பார், அந்த நிலைக்கு ஏற்ப கிரெடிட் பரிந்துரை உண்டு. ஏற்பதும் ஏற்காததும் கல்லூரியின் விருப்பம், அதனால் பணம் கட்டும் முன் கேட்டுவிடு. உன் பிளானில் எலெக்டிவ் (விருப்பப் பாட) இடம் காலியாக இருந்தால்தான் பயன்.

வகுப்பு வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வீட்டில் இரண்டு மணி நேரப் படிப்பு, சுமார் 15 வாரம். 12 கிரெடிட் எடுத்தால் வாரம் 36 மணி நேரம் போய்விடும். எட்டு வார வகுப்பு, மே மாதத்து மூன்று வார வகுப்பு எல்லாம் உண்டு, ஆனால் பாடம் குறையாது, நாள்தான் குறையும். முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதே. ஒரு எஃப் விழுந்தால் அதைத் துடைக்க இரண்டு செமஸ்டர் ஆகும்.

இன்னொன்று, எல்லாக் கிரெடிட்டையும் வெளியிலிருந்து கொண்டுபோக முடியாது. பட்டம் தருகிற கல்லூரியில் குறைந்தது நாலில் ஒரு பங்கு, அதாவது 120க்கு 30, அங்கேயே படித்திருக்க வேண்டும்.

——

அக்கா சொன்னதோடு விசா சங்கதியைச் சேர்த்துவிடுகிறேன். தங்கச்சி, எச்-4இல் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ படிக்கலாம், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறத் தேவையில்லை. மாறினால் ஒவ்வொரு செமஸ்டரும் 12 கிரெடிட் கட்டாயம், அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் வரும். ஆனால் எஃப்-1 மாணவர்களுக்குக் கிடைக்கும் வேலைப் பயிற்சி அனுமதிகளான ஓபிடி, சிபிடி எச்-4இல் கிடையாது, ஃபெடரல் உதவித்தொகையும் கிடையாது. டெக்சாஸில் 12 மாதம் நிலையாகக் குடியிருந்தால் எச்-4காரர்களும் மாநிலவாசிக் கட்டணத்துக்குக் கேட்கலாம். வீட்டு ஒப்பந்தத்தில் உன் பெயரும் இருக்கட்டும், இன்றைக்கே பார்.

எச்-4 பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் கவனிக்க: 21 வயது ஆனதும் அந்த விசா முடிந்துவிடும். டெக்சாஸில் 22 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வகுப்பு தொடங்கப் பத்து நாளுக்கு முன்பே மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். என் மகளுக்கு அதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு அலைந்தோம்.

——

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. படிக்கப் படிக்கத் தெம்பாக இருக்கிறது. இங்கிலீஷ்தான் பயம். தமிழ் மீடியம் என்பதால் சேர்க்கவே மாட்டார்களோ?

——

சேர்ப்பார்கள் தங்கச்சி. கம்யூனிட்டி காலேஜ் வாசல் எல்லாருக்கும் திறந்ததுதான். டிஎஸ்ஐ என்று ஒரு நுழைவு மதிப்பீடு உண்டு, கணக்கும் இங்கிலீஷும். அதைத்தான் அசட்டையாக எழுதிவிடாதே. குறைந்தால் அடிப்படை வகுப்பில் போடுவார்கள். அதற்கும் பணம் கட்ட வேண்டும், டிகிரிக்குக் கிரெடிட் வராது. உன் வேகத்தை உண்மையில் தடுக்கிற இடம் இதுதான். கிளெப் புத்தகத்தைத் தொடும் முன் இரண்டு மாதம் இதற்குத் தயாராகு. தினமும் ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுது, பொது நூலகத்தில் இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறதா என்று விசாரி. இங்கிலீஷ் 1301ஐ வகுப்பிலேயே எடு. அங்கே கட்டுரை எழுதக் கற்றால்தான் மற்ற பாடங்கள் கைக்கு வரும்.

இந்த வாரமே கல்லூரி அட்வைசரிடம் நேரம் வாங்கு. +2 மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், அச்சடித்த டிகிரி பிளான் மூன்றையும் எடுத்துப் போ. எந்தெந்த கிளெப்பை ஏற்பீர்கள், கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்டு, பதிலை இமெயிலிலும் வாங்கிக்கொள். அவர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுது, மீதியை அதை வைத்துப் பார்ப்போம்.