வண்டைக் கண்டது யார்?

லயத்துப் பிள்ளை:
நேற்று இங்கே மலேசியாவின் குளுவாங்கில் ஒருவர் பேசினார். 1981 பிப்ரவரியில் இதே குளுவாங் தோட்டத்தில் மகரந்தம் சுமக்கும் கமரூன் வண்டை விட்டதைச் சொல்லி, பூச்சி ஆய்வாளர் சையத் என்ற தனி மேதைதான் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, பிழைக்க வைத்தார் என்றார். எரிச்சலாக இருந்தது. அறிவியல் ஒருத்தர் தலையில் முளைப்பதா? விசாரித்துக்கொண்டே போகிற எல்லாரும் கடைசியில் எங்கே வந்து சேர்வார்களோ அதுதான் உண்மை என்று 1878-இலேயே எழுதினார் அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் பர்ஸ். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது என்று புத்தகம் சொன்னது. ஆப்பிரிக்காவில், கமரூனில் பூவை மொய்த்த வண்டுகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர் டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரி. சையத் அங்கே போய்ச் சோதித்தார். வண்டு வருமுன் இங்கே நம் அம்மாக்கள் பூப்பூவாக மகரந்தத் தூள் அடித்தார்கள். எல்லாரும் சேர்ந்ததுதான் அந்த விசாரணை.

கிராணி மகன்:
தம்பி, பவுடரில் மகரந்தம் கலந்து அடிக்கச் சொன்னார்கள், அடித்தார்கள். அது கூலி. வண்டைக் கண்டது சையத்.

லயத்துப் பிள்ளை:
டேவிட்சன்.

கிராணி மகன்:
அவர் பார்த்தார். மாடுகூடத்தான் பார்க்கும். மகரந்தம் சுமப்பது அந்த வண்டுதான், வேறு பயிரைத் தின்னாது என்று காட்டியது யார்? சையத்.

ரெங்கம் அக்கா:
என் அம்மா தூள் அடித்தவர். எந்தப் பூ எப்போது விரியும் என்று வேலை வாங்குகிற மண்டோரே அவரைத்தான் கேட்பார். உங்கள் அப்பா ஆபீசில் உட்கார்ந்து செக்ரோல், அதாவது சம்பளப் பதிவேடு, எழுதியவர்தானே?

கிராணி மகன்:
அப்பாவை இழுக்காதீர்கள் அக்கா. அவர் எழுதியதால்தான் உங்கள் வீட்டுக்குச் சம்பளம் வந்தது. கூலி வாங்கியவரெல்லாம் விஞ்ஞானி என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் டாக்டர் பட்டம் கொடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: சையத்.

லயத்துப் பிள்ளை:
சையத் மட்டும் சும்மாவா வேலை செய்தார்? பர்ஸும் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் சம்பளத்துக்கு ஊசல் ஆட்டியவர்தான் லா.

பால்மரம்:
வண்டு வந்ததும் தூள் அடிக்கிற வேலையே போய்விட்டது. அதை யாரும் பேச மாட்டீர்களா?

கிராணி மகன்:
அது வேறு தலைப்பு. "எல்லாரும் சேர்ந்து" என்றாலே எனக்குப் பயம். நம் கோயிலின் போன தைப்பூசக் கணக்கையும் அப்படித்தான் சொன்னீர்கள். ரசீதைக் காணோம்.

லயத்துப் பிள்ளை:
கோயில் கணக்கை ஏன் இங்கே கொண்டு வருகிறீர்கள்?

ரெங்கம் அக்கா:
கோயில் தலைவர் பதவி கிடைக்காத கோபம். வேறென்ன?

கிராணி மகன்:
பதவி எனக்கு எதற்கு? ரசீதைப் போடுங்கள். அப்புறம், சையத்.