நடுகல் அடியில் வெள்ளைப் பூப்பு, இரும்புத் துண்டில் ஈரத்துளி: சின்னக் காட்சிக்கூடத்தில் என்ன செய்யலாம்?

ஊத்தங்கரையான்

வணக்கம். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில், பழைய சத்துணவுக்கூடத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறோம். 14க்கு 20 அடி, சிமென்ட் ஷீட் கூரை. இரண்டு நடுகற்கள் இருக்கின்றன, ஒன்றில் நான்கு வரி வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்துமுறை. காட்டைச் சமன் செய்தபோது கல்வட்டத்திலிருந்து (வட்டமாகக் கல் நட்ட பழங்கால ஈமக்குழி) வந்த கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் ஒரு கூடை, இரும்புத் துண்டுகள் ஏழு, ஓலைச்சுவடி ஒரு கட்டு.

கற்களைச் சிமென்ட் மேடையில் பதித்திருக்கிறோம். மழைக்குப் பிறகு அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாகப் பூக்கிறது. இரும்பில் செம்மஞ்சள் நிறத்தில் வியர்வை போலத் துளி கட்டி, அடுக்கடுக்காக உரிகிறது. எழுத்தோ பார்க்க வருபவர்களுக்குத் தெரிவதே இல்லை. இரும்பைத் தேய்த்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாமா? எழுத்துக்குச் சுண்ணாம்பு பூசலாமா?

கல்வட்டம்

இரண்டும் வேண்டாங்க.

முதலில் ஒன்று. நிலத்திலிருந்து வந்த பொருள்களைப் பற்றி வட்டாட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா? 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வாரமே ஆட்சியருக்கு எழுதுங்கள், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு நகல். அவர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் கழுவாதீர்கள். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலம் கிடைத்தது கதிரியக்கக் கார்பன் கணிப்பில்தான். ஒட்டிய மண்ணும் கரியும்தான் அப்படிப்பட்ட கணிப்புக்கு ஆதாரம். உங்கள் துண்டுகளில் ஒன்று கத்தியாக இருந்து, அதன் பிடி மரமாக இருந்திருந்தால் அந்த மரத்தின் ரேகை துருவிலேயே பதிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

துளி கட்டுவதற்குக் காரணம் மண்ணிலிருந்து இரும்புக்குள் ஏறிய குளோரைடு உப்பு. காற்றின் ஈரத்தை அது இழுத்து, உள்ளே மிச்சமிருக்கும் உலோகத்தைத் தின்கிறது. புதுத் துரு பருமன் கூடியது, அதனால் மேல் அடுக்கைத் தள்ளி உரிக்கிறது. வார்னிஷோ தேங்காய் எண்ணெயோ பூசினால் உப்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வேலை தொடரும். உப்பை எடுப்பது ஆய்வகத்து வேலை. உங்களால் முடிந்தது ஈரத்தை நிறுத்துவது.

ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத சமையலறை டப்பா வாங்குங்கள், பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும், பிவிசி ஆகாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனி பாலித்தீன் பையில் போட்டு, பையில் குண்டூசியால் பத்துப் பதினைந்து துளை இடுங்கள். இரும்பின் எடைக்குச் சமமாக, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் வையுங்கள், ஆரஞ்சு நிற வகை. நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, வேண்டாம். ஆரஞ்சு பச்சையானால் ஜெல் நிரம்பிவிட்டது என்று பொருள். மின் அடுப்பில் 110 டிகிரியில் மெல்லிய அடுக்காகப் பரப்பி மூன்று மணி நேரம் காய வைத்தால் மறுபடி உதவும். வாணலியில் வறுத்தால் கருகிவிடும். டப்பாவுக்குள் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் துரு நிற்கும். சாதாரண ஈரமானி அந்த அளவில் சரியாகக் காட்டாது, நிறம் மாறும் ஈர அட்டை ஒன்றை உள்ளே போடுங்கள். காட்சிக்கு ஒரே ஒரு துண்டை வைத்து, மற்றவற்றின் படத்தை மாட்டினால் போதும்.

வேடியப்பன்வாசல்

நடுகல்லுக்கு வருகிறேன். சிமென்ட் மேடைதான் குற்றவாளி. சிமென்ட்டில் கரையும் உப்புகள் உண்டு. தரையின் ஈரம் அவற்றைக் கல்லுக்குள் ஏற்றுகிறது, காயும் இடத்தில் படிகமாகி மேல்தோலைப் பெயர்க்கிறது. ஒரு சாண் என்றீர்களே, நீர் ஏறி நிற்கும் உயரம் அதுதான். உப்பு இன்னும் மேலேறினால் எழுத்துவரியே உதிரும்.

வெள்ளை உப்புதானா என்று முதலில் பாருங்கள். ஒரு துகளைக் கண்ணாடித் துண்டில் தட்டி, ஒரு சொட்டு வடிநீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) கரைந்தால் உப்பு. கரையாமல், வினிகர் பட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு அல்லது கடை விபூதி. இந்தச் சோதனையைக் கல்மேல் செய்யவே கூடாது.

உப்பு என்றால், முதலில் மென்மையான பிரஷ்ஷால் உலர்வாகத் துடைத்து எடுங்கள். அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ தாளை பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். மூன்று நான்கு நாளில் தானாகக் காய்ந்து வரும், கூடவே உப்பும் வரும். காய்ந்த கூழை அரை லிட்டர் வடிநீரில் போட்டு, ஆர்.ஓ. தண்ணீர்க்காரர்கள் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து எழுதிவையுங்கள். அளவு குறைந்துகொண்டே வரும்வரை மறுபடி அப்பலாம். கல் மேற்பரப்பு விரலில் மாவாக ஒட்டினால் அங்கே கூழ் வைக்காமல் நிறுத்திவிடுங்கள். நம் போர் தண்ணீர் எதற்கும் ஆகாது, அதில் உள்ள உப்பே போதும்.

ஆனால் மேடையை மாற்றாமல் இதைச் செய்தால் அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். ஒரு அடி உயரக் கருங்கல் பீடம், அதன்மேல் கனமான பாலித்தீன் ஷீட், அதன்மேல் கல். பின்னால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம், கல்லைத் தொடும் இடத்தில் ரப்பர். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி நிறுத்துங்கள். கல்லைச் சிமென்ட்டிலிருந்து பிரிக்க உளிக்காரர் சிமென்ட்டைத்தான் உடைக்க வேண்டும், கல்லை நெம்பக் கூடாது.

எழுத்துக்குச் சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு எதுவும் வேண்டாம். அறையை இருட்டாக்கி ஒரு எல்இடி டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் 15 டிகிரி சாய்வில் பிடித்துப் பாருங்கள், வட்டெழுத்து வரி வரியாக எழுந்து நிற்கும். அதே கோணத்தில் ஒரு விளக்கைப் பொருத்திவிடுங்கள். கல்லுக்கு வெளிச்சத்தால் கேடில்லை.

வேடியப்பன் என்று யாராவது இந்தக் கல்லுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டு வந்தார்களா? அப்படியானால் மஞ்சள், எண்ணெய்ப் படிவை ஆசிட் கொண்டு எடுக்காதீர்கள். வழிபாட்டில் நிற்கும் வேறு நடுகல்லை உள்ளே கொண்டுவரவும் வேண்டாம். பக்க ஒளியில் எடுத்த படமே கூடத்துக்குப் போதும்.

ஊத்தங்கரையான்

மிக்க நன்றிங்க ஐயா. ஒரு கல்லுக்கு ஆடிமாதம் பொங்கல் வைப்பார்கள். அதைப் பழைய இடத்திலேயே நிறுத்த ஊரில் பேசுகிறோம். பானை ஓடுகளை ஃபெவிகால் வைத்து ஒட்டலாமா? எண் எப்படி எழுதுவது?

கல்வட்டம்

ஃபெவிகால், அரால்டைட் இரண்டும் வேண்டாம், பிறகு ஓடு உடையாமல் பிரிக்க முடியாது. பேரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் வாங்குங்கள். 10 கிராம் மணிகளை மெல்லிய துணியில் முடிந்து 100 மில்லி அசிட்டோனில் தொங்கவிட்டால் ஓரிரவில் கரையும். ஓட்டின் உள்பக்கம், உடைந்த விளிம்பில் இல்லாமல், ஒரு சென்டிமீட்டர் பட்டை பூசிக் காயவிட்டு, இந்தியன் இங்க்கில் எண் எழுதி, மேலே இன்னொரு பட்டை பூசுங்கள். அசிட்டோன் தொட்டால் எண் மட்டும் போய்விடும், ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. சன்னல் திறந்து வேலை செய்யுங்கள், பக்கத்தில் தீ கூடாது.

ஒட்டுவதற்கு இதே பொருளை மூன்று நான்கு மடங்கு கெட்டியாகக் கரைக்க வேண்டும். ஆனால் பி-72 ஏறத்தாழ 40 டிகிரியில் இளகும். சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் சித்திரை வெயிலுக்கு ஒட்டிய பானை தொய்ந்து சரியும். அதனால் ஒட்டாமலே, கழுவிக் காயவைத்த ஆற்று மணல் தட்டில் ஓடுகளைப் பொருத்தி அடுக்குங்கள், பானை உருவம் பார்ப்பவருக்குத் தெரியும்.

ஓலைச்சுவடி வெயில் படாத அலமாரியில், பருத்தித் துணியில் சுற்றி, மரப்பலகைகளுக்கு நடுவே. ரசக்கற்பூர உருண்டை வேண்டாம். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது.

பதிவேட்டில் எண்ணோடு, எந்தக் காட்டில், எந்தச் சர்வே எண்ணில் கிடைத்தது என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். காட்டுக்காரரைக் கேட்டால் ஜேசிபி எந்த மூலையில் தோண்டியது என்று இன்னும் நினைவிருக்கும்.