பெரிய ஆஸ்பத்திரியில் எங்கட சனம்: உங்கள் அனுபவங்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து:

அம்மாவுக்கு இடுப்பு நோ காலுக்கு இறங்கி, நடக்க ஏலாமல் போனது. எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி வெளிமாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு தந்தார்கள். விடிய முன்னம் பஸ் ஏறிப் போனோம்.

ஸ்கேன் அறை வாசலில் ஒரு படிவம் நிரப்பினார்கள். அதில் ஒரு எழுத்துக்கூடத் தமிழில் இல்லை. நிரப்பியவர் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "உடம்பில இரும்பு இருக்கா?" என்றார். நான் வாய் திறக்க முதல் அம்மா என் கையைப் பிடித்து அமத்திவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

அம்மாவின் முதுகில் 2009 பெப்ரவரியில், கடைசி யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது. மாத்தளனில் காயத்தைத் துப்புரவாக்கித் தைத்தார்கள். செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போன பிறகும் அதை எடுக்கவில்லை. செல் துண்டு என்று சொன்னால் எங்கே பட்டது, யாரோடு நின்றாய் என்று கேள்வி வரும். முகாமும் விசாரணையும் கண்ட சனத்துக்கு அந்தப் பயம் லேசில் போகாது. வாசலில் சீருடையோடு ஒருவர் நின்றது வேறு.

அந்த நேரம் உள்ளேயிருந்து எக்ஸ்ரே பகுதிப் பிள்ளை ஒருவர் வந்தார். சிங்களப் பிள்ளை, ஆனால் தமிழ் நன்றாகக் கதைத்தார். கிளினிக் கொப்பியில் முல்லைத்தீவு விலாசத்தைப் பார்த்தவர், அம்மாவைத் திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். "அம்மா, இதை நான் பொலிசுக்குச் சொல்றதுக்குக் கேக்கேல்ல. இந்த மெசின் பெரிய காந்தம். உள்ளுக்குச் செல் துண்டு இருந்தா உங்களுக்குத்தான் ஆபத்து." அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பி இருந்து, சட்டையை உயர்த்தித் தழும்பைக் காட்டினார்.

முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு முள்ளந்தண்டுக்குக் கிட்டவே கிடந்தது. இரும்புத் துண்டு என்றால் காந்தம் அதை அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்கோ நரம்புக்கோ பக்கத்தில் இருந்தால் பெரிய கேடு. டொக்டர் எம்ஆர்ஐயை நிறுத்திவிட்டு சிடி ஸ்கேனுக்கு எழுதினார்.

அந்தப் பிள்ளை தனிய இருத்திக் கேட்டிராவிட்டால் அம்மா மெசினுக்குள் போயிருப்பார். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு ஸ்கேன் படிவம் தமிழில் இல்லாதது சரியே இல்லை. காயப்பட்டவர்கள் பழைய எக்ஸ்ரேயைக் கொப்பியோடு வைத்திருங்கள். ஸ்கேனுக்குத் துண்டு எழுதும் டொக்டரிடமே காயத்தைப் பற்றிச் சொல்லி அதில் எழுதுவியுங்கள்.

சிலாவத்துறையிலிருந்து:

வாப்பாவுக்குச் சீனி வருத்தம். நோன்பு பிடிக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்வார்கள். அவர் சரி என்றுவிட்டு வந்து பிடிப்பார். காலைக் குளிசையையும் விடிய முதல், சஹர் சாப்பாட்டு நேரத்தில் அப்படியே போட்டுவிட்டு, பின்னேரம் வியர்த்து மயங்குவார். போன முறை புதிதாக வந்த டொக்டர், தமிழ் ஆள், நோன்புக்கு முன்னமே "பிடிப்பீங்கதானே ஐயா?" என்று கேட்டுவிட்டு, குளிசைகளை நோன்பு திறக்கும் நேரத்துக்கும் சஹருக்கும் மாற்றி, அளவையும் குறைத்துத் தந்தார். இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே போனால் உடனே நோன்பை முறிக்க வேண்டும் என்றும் சொன்னார். மார்க்கத்திலும் நோயாளிக்கு அந்தச் சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் களாச் செய்யலாம். வாப்பா அவர் சொன்னபடியே நடந்தார்.

வவுனியாவிலிருந்து:

நான் தாதி. எங்கள் வாட்டில் தமிழ், முஸ்லிம், சிங்களச் சனம் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான். ஒப்பரேசன் தியேட்டருக்குப் போக முதல் நகை எல்லாம் கழற்ற வேண்டும். மின்சாரத்தால் இரத்தத்தை அடைக்கும் கருவி பாவிப்பதால், உலோகம் பட்ட இடம் சுடலாம். கால் ஒப்பரேசனுக்கு வந்த ஒரு அக்கா தாலியைக் கழற்ற மாட்டேன் என்று கத்தினார். கையெழுத்தும் வைக்கவில்லை. பிடிவாதக்காரி என்று வாட்டில் முணுமுணுத்தார்கள்.

அவருடைய கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். தாலியைக் கழற்றினால் அவர் இல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். எங்கள் மூத்த சிஸ்டர் வந்து கட்டிலில் இருந்து, இதைக் கேட்டு அறிந்தார். பிறகு வீட்டாரிடம் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் கொண்டுவரச் சொல்லி, சத்திரசிகிச்சை டொக்டரிடமும் அனுமதி எடுத்தார். முதலில் மஞ்சள் கயிறு. அதை மாமியார் கட்டி முடித்த பிறகுதான் பொன் தாலியைக் கழற்றினோம். ஒரு நொடியும் கழுத்து வெறுமையாக இருக்கவில்லை. அந்த அக்கா தானாகப் பேனை கேட்டுக் கையெழுத்து வைத்தார்.

கணவர் விபரத்தை எழுதும்போது நாங்களாக விதவை என்று எழுதிவிடக் கூடாது. கேட்டு, அவர் சொல்வதையே எழுத வேண்டும். புதிதாக வரும் தாதிமாருக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன்.