புதுப்பிப்பு: ஏஜென்ட்டுக்கான லாகின் நிலை டூல், விளக்கம் தயார்

ஏஐ ஏஜென்ட் (நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஏஐ நிரல்) வேலையைத் தொடங்கும் முன் லாகின் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும் டூலுக்கு (ஏஜென்ட் அழைக்கும் சிறு நிரல்) விளக்கம் எப்படி எழுதுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, எழுதி முடித்துவிட்டேன்.

முதல் வரியே இதுதான்: "நிலையைப் பார்க்க மட்டும். லாகின் செய்யாது, டோக்கனைப் புதுப்பிக்காது." (டோக்கன் என்பது லாகின் செய்ததும் கிடைக்கும் தற்காலிக அனுமதிச் சாவி.) எந்த டூலை அழைப்பது என்று ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடல் முடிவெடுப்பது இந்த விளக்கத்தைப் படித்துத்தான். அதனால் டூல் எதைச் செய்யாது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அதிக நேரம் பிடித்தது திருப்பித் தரும் மதிப்புகள். வெறும் ஆம், இல்லை போதாது. டோக்கன் காலாவதி என்றால் புதுப்பிக்கலாம்; டோக்கனே இல்லையென்றால் பயனரைக் கேட்க வேண்டும்; அனுமதி போதவில்லை என்றால் (சர்வர் 403, அதாவது "அனுமதி இல்லை" என்று பதில் தரும் இடம்) மறுபடி அதே லாகினைச் செய்து பயனில்லை. சர்வரை எட்ட முடியாதபோது "தெரியவில்லை" என்று தனி மதிப்பு. அதை "லாகின் இல்லை" என்று சொல்லிவிட்டால் ஏஜென்ட் பயனரைச் சும்மா தொந்தரவு செய்யும்.

ஓஆத் (ஆப்களுக்கு அணுகல் அனுமதி தரும் பொதுவான முறை) டோக்கனைச் சோதிக்கும் விதத்தைச் சொல்லும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 7662, செல்லாத டோக்கனுக்குக் காரணம் சொல்ல வேண்டாம் என்கிறது. அதனால் நம்மிடம் சேமித்த காலாவதி நேரத்தையும் டூல் பார்க்கிறது.

டூல் தரும் பதிலில் டோக்கன் வரவே கூடாது. மாடலின் உரையாடலிலும் லாக் பதிவுகளிலும் தங்கிவிடும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் முன் சோதிக்கணுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். சோதித்த மறுநொடியே டோக்கன் ரத்தாகலாம், எப்படியும் 401-ஐ (லாகின் செல்லாது என்ற சர்வரின் பதில்) கையாளத்தான் வேண்டும்.